வடக்குச் சுவர்

தோளுக்கு அடியில் கையை விட்டுக் கணவர் ரோலண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது ஏவிஸின் கண் மறுபடியும் அந்தப் படத்தின் மேல் போயிற்று. கட்டிலருகே சின்ன மேசையில், தண்ணீர்க் குவளைக்கும் மருந்துச் சீசாக்களுக்கும் நடுவில், சட்டமிட்டு நின்றது. ஆற்றில் முழங்கால் வரை இறங்கி நிற்கும் ராட்சத மனிதன். தோளில் குழந்தை. கையில் இலை துளிர்த்த கோல். ஊர்க் கோயிலின் வடக்குச் சுவரில் இருக்கும் புனித கிறிஸ்தோபரை அப்படியே படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தவள் ஹெஸ்டர்.

"இந்த முகத்தைப் பாத்தவங்களுக்கு அன்னைக்குச் சாவு வராதுன்னு அந்தக் காலத்து ஜனங்க நம்புனாங்க. அதனாலதான் கதவைத் திறந்ததும் கண்ணுல படுற மாதிரி எதிர்ச் சுவர்ல வரைஞ்சாங்க" என்று வைக்கும்போது சொன்னாள். ரோலண்ட் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்து ஏவிஸ் அன்றுதான் பார்த்தாள்.

புது விரிப்பைப் போட்டு, அவரை நேராகக் கிடத்தி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு படத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்து மூடினாள்.

வாசல் மணி அடித்தது. யாரென்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த நேரத்துக்கு வருகிற ஆள் ஒருத்திதான்.

ஹெஸ்டர் சேறு அப்பிய காலணிகளை வாசலிலேயே கழற்றிக்கொண்டிருந்தாள். சிறிய உருவம். இடுப்பெலும்பு தேய்ந்து ஒரு காலை இழுத்து நடப்பாள். சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோலண்டும் அவளும்தான் இத்தனை வருஷமாகக் கோயிலின் இரண்டு பொறுப்பாளர்கள்.

"எப்படி இருக்கார்?"

"இப்பத்தான் கண்ணசந்தார்."

"சூப் கொண்டாந்தேன். உருளைக்கிழங்கு போட்டது. மிளகு அவருக்குத் தூக்கலா இருக்கணுமே, அப்படியே போட்டிருக்கேன்."

ஏவிஸ் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரோலண்ட் ஒரு நாளும் மிளகு கேட்டதில்லை.

"சரி, எழுந்ததும் சொல்றேன்" என்று கதவில் கை வைத்தாள்.

"ஹெஸ்டரா?" என்றது மாடியிலிருந்து ஒரு குரல். காலையிலிருந்து இவளிடம் முனகலைத் தவிர வேறெதுவும் பேசாத குரல்.

மாடியேறி வந்ததும் ஹெஸ்டர் முதலில் பார்த்தது அந்த மேசையைத்தான்.

"படம் எங்க?"

"கண்ணாடியில வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசுது. எடுத்து வச்சிட்டேன்."

ஹெஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். வானம் ஈயம் போல மூடிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோயிலுக்கு அந்த வௌவால் அதிகாரி வந்தானா?" என்றார் ரோலண்ட்.

"வந்தான். பலிபீடத்துத் துணி மேல எச்சமா கெடக்குறதைக் காட்டினேன். 'அதுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, தொந்தரவு பண்ணக்கூடாது'ன்னான். 'எங்களுக்கு இருக்கா'ன்னு கேட்டேன்."

ரோலண்ட் சிரிக்கப் போய் இருமினார். ஹெஸ்டர் எழுந்து, கேட்காமலே, குவளையை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். கையில் துண்டுடன் கதவருகே நின்ற ஏவிஸ் அந்தத் துண்டை நான்காக மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி மடித்தாள்.

வேறு பெண்ணிடம் போய்விட்டார் என்றால் அழலாம், சண்டை போடலாம், ஊரும் இவள் பக்கம் பேசும். இவர் போனது கோயிலுக்கு. எண்ணூறு வருஷக் கோயில். கருங்கல்லும் ஆற்றுக்கல்லும் வைத்துக் கட்டிய வட்டக் கோபுரம். ஒழுகும், விரிசல் விடும், கூரைத் தகட்டைத் திருடன் உருவிக்கொண்டு போவான், கடிகாரம் நிற்கும், உடனே கிழவிக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல ரோலண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏவிஸ் அந்தக் கோயில் ஜனமும் இல்லை. தெருக்கோடியில் இருந்த மெதடிஸ்ட் செங்கல் ஜெபக்கூடத்தில் வளர்ந்தவள். அது ஆளில்லாமல் மூடப்பட்டு விற்கப்பட்டு, இப்போது லண்டன்காரர் ஒருவரின் வாரக் கடைசி வீடு. அவள் அப்பா நின்று பிரசங்கம் செய்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. அதைக் காப்பாற்ற ஒருவரும் ஏணியில் ஏறவில்லை.

அதோடு அந்த ஓவியம். சமயச் சீர்திருத்தக் காலத்தில், புனிதர் படங்கள் ஆகாதென்று, யாரோ சுண்ணாம்பு பூசி மறைத்த சுவரில் ஒருநாள் ஒரு செதில் உதிர்ந்து, அடியில் ஒரு கண் தெரிந்தது. ஓவியம் மீட்கத் தெரிந்தவர் வந்து வழிகாட்ட, இரண்டு கோடைகள் சாரத்தின்மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஹெஸ்டரும் ரோலண்டும் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். மாட்டுக்கு அறுவை செய்த கை அவளுடையது, நடுங்காது. இவர் பஞ்சால் துடைப்பார். அந்தச் சுவர் முகத்தை மட்டும் ஒரு கோடை முழுக்க, ஒரு சாண் தூரத்தில் முகம் வைத்துத் துடைத்தார். அத்தனை நேரம் அவர் என் முகத்தைப் பார்த்திருப்பாரா என்று ஏவிஸ் அன்று நினைத்தாள். அப்புறம் நினைப்பதை நிறுத்தவே இல்லை.

"நீயும் வாயேன், மேல ஏறிப் பாரு" என்று அவர் கூப்பிட்டது உண்மைதான். "எனக்குத் துவைக்கிற வேலை இருக்கு" என்றாள். அவர் மறுமுறை கூப்பிடவில்லை.

ஹெஸ்டர் போன பிறகு சூப்பைக் கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு கரண்டி இறங்கியது. "நல்லா இருக்கு" என்றார். மூன்றாவதை மறுத்துவிட்டார்.

மத்தியானம் மூச்சின் சத்தம் மாறியது. செவிலி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த மாற்றம். மகள் பெத்தனிக்கு போன் செய்தாள். லீட்ஸிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். வந்து சேர மாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்தது. ஏவிஸ் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை நிறைய வெட்டுக் காயங்களின் தழும்புகள். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று ஹெஸ்டருக்குத் தெரிந்திருக்கும்.

ரோலண்ட் கண்ணைத் திறந்தார். தெளிவான பார்வை.

"ஏவிஸ்."

"இங்கதான் இருக்கேன்."

"சிற்றறைக் கூரை" என்றார். போதகர் உடுப்பு மாற்றும் சின்ன அறை, கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டிச் சாய்ந்து நிற்பது. "கூரையும் சுவரும் சேர்ற மூலை. அங்க குழாய் வாய் அடைச்சிருக்கும். காக்கா குச்சி போட்டுப் போட்டு... மழைக்கு முன்னாடி எடுக்கணும். இல்லன்னா சுவருக்குள்ள இறங்கிடும். ஹெஸ்டர்கிட்ட சொல்லு."

ஏவிஸ் காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கினார்.

"வேற ஒண்ணுமில்லையா, ரோலண்ட்?"

அவர் யோசித்தார். நெற்றி சுருங்க, மறந்துபோன எதையோ தேடுவது போல உண்மையாகவே யோசித்தார். அவள் அவர் பக்கம் குனிந்தாள்.

"ஏணி" என்றார். "வலது கால் ஆடும். அடியில ஓடு வச்சுக்கச் சொல்லு."

அதன்பிறகு அவர் பேசவில்லை. வெளிச்சம் மங்குவதற்கு முன்பே மூச்சு இடைவெளி விட்டு வந்து, ஒரு இடைவெளிக்குப் பிறகு வராமலே போனது. ஏவிஸ் கையை விடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று இருந்தாள். வந்தது வேறு. கடைசி மூச்சையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டார்.

சேதி ஊரில் எப்படிப் பரவுமோ அப்படிப் பரவி, ஹெஸ்டர் வந்து வாசலில் நின்றாள். இந்த முறை காலணியைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போகாமல் கதவருகிலேயே நின்று பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "வலி இருந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

ஏவிஸ் அவளை நேராகப் பார்த்தாள். அந்த முகம் எதையோ எதிர்பார்த்தது. ஒரு சொல், ஒரு துணுக்கு, ஏதோ ஒன்று தனக்கும் இருக்கும் என்று நம்பி நின்றது.

"என் பேரைச் சொன்னார்" என்றாள் ஏவிஸ்.

பொய் இல்லை. ஹெஸ்டரின் கண் நிறைந்தது. "சொல்லியிருப்பார்" என்றாள். "வேற யாரைச் சொல்லப் போறார்?"

அவள் படியிறங்கிப் போகும் சத்தத்தை ஏவிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ரோலண்ட் சொன்ன ஒன்று ஏவிஸிடம் மட்டும் இருந்தது. அந்த நிறைவு வாசற்கதவு சாத்தப்படும் வரை நீடித்தது.

போதகர் மரியன் மறுநாள் வந்தார். ஆறு ஊர்க் கோயில்களுக்கும் அவர் ஒருவரே. எப்போதும் காரிலேயே சாண்ட்விச் தின்கிறவர், மடியில் ரொட்டித் துகளோடு இறங்கினார். பெத்தனி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பாட்டெல்லாம் என்ன வைக்கலாம், ஏவிஸ்? ரோலண்ட் ரெண்டு பாட்டு சொல்லி வச்சிருக்காராம். ஹெஸ்டர் சொன்னாங்க."

"ஹெஸ்டர்கிட்ட சொல்லியிருக்காரா?"

"சும்மா பேச்சுவாக்குல சொன்னதுதானாம். அப்புறம், அவரைப் பத்தி நாலு வார்த்தை பேச ஹெஸ்டரையே கேக்கலாமான்னு..."

"வேண்டாம்."

பெத்தனி தாயைப் பார்த்தாள். போதகர் தேநீரைக் கிளறினார்.

"பாட்டு அவங்க சொன்னதையே வச்சுக்குங்க, போதகரம்மா. பேச்சு நீங்களே பேசிடுங்க. மணி அடிக்கிறவங்க அடிக்கட்டும். குழி தெற்குப் பக்கம் வெட்டட்டும்."

"தெற்குப் பக்கமா? வடக்குச் சுவரோரம் வேணும்னு அவர்..."

"தெற்குப் பக்கம்."

போதகர் போனதும் பெத்தனி மெல்லக் கேட்டாள். "அம்மா, ஹெஸ்டர் மேல உனக்கு என்னம்மா கோபம்?"

"எனக்கென்ன கோபம்?"

"அப்பாவும் அவங்களும் சாக்கடை, கூரை ஓடு இதைப் பத்தித்தானம்மா பேசிக்கிட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் ஏவிஸ். "எங்கிட்ட அதுகூடப் பேசல."

அன்று மாலைச் செய்தியில் வானிலை சொன்னார்கள். கிழக்குக் கடலோரம் முழுக்கக் கனமழை, காற்று. அடக்கத்தன்றும் பெய்யும். பெத்தனி, "குடை எத்தனை இருக்கு?" என்று எழுந்து போனாள். ஏவிஸ் தொலைபேசியை எடுத்தாள். ஹெஸ்டரின் எண் மனப்பாடம். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. "ஹலோ?" என்றது அந்தக் குரல். அழுது கரகரத்திருந்தது. அழுகிறாளா? எனக்கே இன்னும் வரவில்லை, இவள் யார் அழ? ஏவிஸ் பேசாமல் வைத்துவிட்டாள்.

அடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுக் கிழங்கள் உட்காரும் பெஞ்சுகளில் இடமில்லாமல் பின்னால் நின்றார்கள். மணி அடிக்கும் குழு, பக்கத்து ஊர்ப் பொறுப்பாளர்கள், மதுக்கடைக்காரர், பண்ணையாட்கள், இரும்புக் கணப்பின் மேல் காயப்போட்ட ஈரக் கோட்டுகள். கல்லும் மெழுகும் நனைந்த கம்பளியும் கலந்த வாசனை. ஏவிஸும் பெத்தனியும் முன் பெஞ்சில். பெட்டி நடுவில். ஹெஸ்டர் கதவருகே, தான் எப்போதும் உட்காரும் இடத்தில்.

கூரையில் மழை கொட்டியது. போதகர் குரலை உயர்த்திப் படித்தார். ஏவிஸ் பெட்டியைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் வடக்குச் சுவர். கிறிஸ்தோபர் அங்கிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கிய சிவப்பும் காவியும். அகலக் கண்கள். தோளில் இருக்கும் குழந்தை ஒரு கையை உயர்த்தி ஆசீர்வதித்தது.

குழந்தையின் தலைக்கு மேலே சுவர் கறுத்திருந்தது.

முதலில் நிழல் என்று நினைத்தாள். அடுத்த ஜெபம் முடிவதற்குள் அது கீழே இறங்கியிருந்தது. நாக்கு போல நீண்டு, குழந்தையின் உயர்த்திய கையை நோக்கி வந்தது. ஓரத்தில் ஈரம் மினுங்கியது.

கோயில் நிறைய ஆட்கள். எல்லாரும் பெட்டியையோ போதகரையோ தங்கள் கையையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் பார்த்தாள். அது ஏன் வருகிறது, எங்கிருந்து வருகிறது, எதை எடுத்தால் நிற்கும் என்று உயிரோடிருப்பவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வரட்டும் என்று நினைத்தாள். நினைத்தது தெளிவாகக் கேட்டது. வரட்டும். அந்தக் கையை அழிக்கட்டும், அந்த முகத்தை அழிக்கட்டும். இரண்டு கோடை. சாரத்தின்மேல் சிரிப்புச் சத்தம். இவள் மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து கீழே நின்று கூப்பிடுவாள், மேலிருந்து இரண்டு தலைகள் ஒன்றாக எட்டிப் பார்க்கும், இருவர் தலையிலும் ஒரே சுண்ணாம்புத் தூள். எல்லாம் கரைந்து தரையில் ஓடட்டும்.

பாட்டு தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். சுவரிலிருந்து ஒரு உள்ளங்கை அளவு பூச்சு, சத்தமே இல்லாமல், உதிர்ந்தது.

சத்தமில்லாததைக் கேட்டவள் ஒருத்தி இருந்தாள். கதவருகே ஹெஸ்டரின் தலை திரும்பியது. பாட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவியது. பெஞ்சைப் பிடித்து, தேய்ந்த இடுப்பை இழுத்துக்கொண்டு, நடுவழிக்கு வந்துவிட்டாள்.

அவள் எடுப்பாள். போய், கண்டுபிடித்து, அவளே எடுத்துவிடுவாள். இதையும்.

ஏவிஸ் பெஞ்சை விட்டு வெளியே வந்ததை அவளே உணரவில்லை. பெத்தனி, "அம்மா?" என்றாள். கணவனின் பெட்டியைத் தாண்டி, பாடிக்கொண்டிருந்த வாய்களைத் தாண்டி, நடுவழியில் ஹெஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ உக்காரு. நான் போறேன்."

"சுவர்ல தண்ணி எறங்குது, ஏவிஸ். எங்கயோ அடைப்பு..."

"எங்கன்னு எனக்குத் தெரியும். நீ இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏறப் போறியா? உக்காருன்னேன்."

ஹெஸ்டர் உட்காரவில்லை. இருவரும் ஒன்றாகவே மழைக்குள் போனார்கள். பின்னால் போதகர் ஒரு கணம் திகைத்து, பிறகு ஆர்கன்காரரைப் பார்த்து விரலைச் சுற்றிக் காட்டினார். பாட்டு முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கியது.

ஏணி சிற்றறைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ஏவிஸ் அதை இழுத்துக் கூரையில் சார்த்தினாள். கறுப்புக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, குனிந்து ஒரு உடைந்த ஓட்டைப் பொறுக்கி ஏணியின் வலது காலுக்கு அடியில் செருகி, மிதித்து அழுத்தினாள். ஹெஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா. கீழ பாக்காதீங்க."

சிற்றறை உயரமில்லை. ஆனாலும் எழுபதைத் தாண்டியவளுக்கு, காற்றில், அடக்கத்துக்குப் போடும் காலணியோடு, அது உயரம்தான். மூலையில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே குளம் கட்டியிருந்தது. தோள் வரை கையை விட்டாள். குச்சி. வைக்கோல். ஆட்டு ரோமம். வேலிக் கம்பி ஒன்று. இழுத்து இழுத்துப் பின்னால் வீசினாள். குளிர் எலும்பைக் கடித்தது. நகம் ஒன்று பிய்ந்தது.

"இடது பக்கமா கையை விடுங்க! குழாய் வாய் அங்கதான்!" கீழிருந்து ஹெஸ்டர் கத்தினாள்.

"தெரியும்!"

கடைசிக் கட்டு வந்தபோது குழாய் பெரிதாக ஒரு முறை விக்கியது. தண்ணீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. ஏவிஸ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது தடவையோ என்னவோ, ஆண் குரல்கள் களைத்துப் போயிருந்தன.

இத்தனை வருஷம் அவர் நின்ற இடம். இங்கிருந்து தன் வீடு தெரிகிறதா என்று தலையைத் திருப்பித் தேடினாள். நடுவில் ஊசியிலை மரம் மறைத்தது. வீடு இருக்கும் திசையில் கரும்பச்சையும் மழையும்தான். கொஞ்சம் இடப்பக்கம் ஹெஸ்டரின் புகைபோக்கி தெரிந்தது. அதிலிருந்து புகை வரவில்லை.

அப்போதுதான் அழுகை வந்தது. மேலேயே நின்று அழுதாள். மழையில் யாருக்கும் தெரியாது. கீழே ஏணியைப் பிடித்திருந்தவள் ஒருத்தி, "ஏன் நிக்கிறீங்க, இறங்குங்க" என்று சொல்லவில்லை.

உள்ளே வந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பின. முடியிலிருந்து சொட்டச் சொட்ட ஏவிஸ் முன் பெஞ்சுக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெத்தனி அவள் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். போதகர் தொண்டையைச் செருமி, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

குழியருகே மழை தூறலாகியிருந்தது. மண் போடச் சொன்னபோது ஏவிஸ் ஒரு பிடி அள்ளி இட்டாள். ஹெஸ்டர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். ஏவிஸ் திரும்பிப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்தாள். ஹெஸ்டர் வழிவிட்ட ஆட்களுக்கு நடுவே நொண்டி வந்து தானும் ஒரு பிடி போட்டாள்.

கோயிலின் பின்பக்கத்து மேசைகளில் தேநீரும் சாண்ட்விச்சும் கேக்கும் பரப்பியிருந்தார்கள். பத்து வருஷம் அலைந்து ரோலண்ட் அனுமதி வாங்கிக் கட்டிய கழிப்பறைக்கு முன்னால் வரிசை நின்றது. "அவர் சாதிச்சதுல பெரிசு இதுதான்" என்று மதுக்கடைக்காரர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ஹெஸ்டர் காணிக்கைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரடியில் மண்டியிட்டு, உதிர்ந்த பூச்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் உயர்த்திய கை இருந்த இடத்தில் வெறும் கல் தெரிந்தது. முகங்கள் இரண்டும் தப்பியிருந்தன.

தட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்து ஏவிஸுக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் தேநீர்க் கெண்டி.

"அந்த ஏணிக்கு வலது கால் ஆடும்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஹெஸ்டர்.

ஏவிஸ் கோப்பையைப் பார்த்தாள்.

"ஏணின்னா ஏதாவது ஒரு கால் ஆடத்தான செய்யும்."

"ஆமா" என்றாள் ஹெஸ்டர். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, ஆடும்" என்றாள் மறுபடி. கண் தேநீர்க் கெண்டியின் மேலேயே இருந்தது. மேசை விளிம்பில் அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பிறகு ஏவிஸின் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஊற்றும்போது அந்தக் கை, நடுங்காத கை, நடுங்கியது.

"நடுங்குறீங்க" என்றாள் ஏவிஸிடம். "இருங்க."

எழுந்து சிற்றறைக்குள் போனாள். போதகரின் அங்கிகளுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டியிருந்ததைக் கொண்டுவந்தாள். ரோலண்டின் பழைய பச்சைக் கம்பளிச் சட்டை. இரண்டு குளிர்காலமாக ஏவிஸ் வீடெல்லாம் தேடிவிட்டு, தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டியது.

"ஏணியில ஏறும்போது போட்டுக்குவார்" என்றாள் ஹெஸ்டர்.

ஏவிஸ் ஈரக் கோட்டைக் கழற்றிவிட்டு அதற்குள் கையை நுழைத்தாள். மெழுகும் சுண்ணாம்பும் அவர் வியர்வையும் மணந்தது. முழங்கையில் விரல் ஒரு தடிப்பின் மேல் பட்டது. கிழிந்த இடத்தைக் கொஞ்சம் வெளிறிய பச்சை நூலில், இழை இழையாக, பொறுமையாக யாரோ பின்னி அடைத்திருந்தார்கள். ஏவிஸுக்கு அப்படி அடைக்க வராது.

ஹெஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏவிஸ் அடியிலிருந்து தொடங்கி, பொத்தான்களை ஒவ்வொன்றாக, கழுத்து வரை போட்டாள்.